ஏணையில் கிடந்த பிள்ளையும் புளிக்காத பாலும்

கொலை நடந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பொலிஸார் அதை என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தீர்கள். கொழும்பு வடக்கில் ஒரு பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு மறக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்த ஆள். அவனை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் தெரு, வருடம், பெயர் எதையும் எழுத மாட்டேன்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் குடும்பம். மேலே வாடகைக்கு ஒரு தாயும் எட்டு மாதப் பிள்ளையும். சொந்த ஊர் மட்டக்களப்பு, புருஷன் கட்டாரில் வேலை. அந்தப் பெண் அக்கம்பக்கத்தில் சீட்டுப் பிடித்து வந்தாள். காலையில் நாங்கள் மேலே ஏறியபோது அவள் நிலத்தில் இறந்து கிடந்தாள். பக்கத்தில் சேலையில் கட்டிய ஏணையில் பிள்ளை நல்ல நித்திரை. பேபி செரமி கொலோன் வாசம் இன்னும் அவன்மேல் இருந்தது.

முதலில் அவனை லேடி றிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். காயம் எதுவும் இல்லை, மயக்க மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை என்று டொக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் யாரிடம் கொடுப்பது? பக்கத்து வீட்டுப் பெண்கள் பாசத்தோடு கை நீட்டினார்கள். ஆனால் அந்த நேரத்தில் அந்தத் தெருவில் இருந்த எல்லோருமே விசாரிக்கப்பட வேண்டியவர்கள். நீதவானின் உத்தரவு வேண்டும், நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை வேண்டும். அன்று போயா, பௌர்ணமி விடுமுறை, கந்தோர்கள் பூட்டு. அம்மம்மா மட்டக்களப்பிலிருந்து வந்து சேர அடுத்த நாளாகும். அதுவரை பிள்ளை எங்கள் பொறுப்பு.

விசாரணையை நடத்தியது குற்றப் பிரிவு இன்ஸ்பெக்டரும் ஒரு சார்ஜன்ட்டும். சார்ஜன்ட் கம்பஹாப் பக்கத்துச் சிங்களவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். ஒரு தோளில் பிள்ளையைச் சாய்த்து முதுகைத் தட்டிக்கொண்டே மற்றக் கையால் தகவல் புத்தகத்தில் எழுதுவார். இன்ஸ்பெக்டருக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. பிள்ளையைத் தூக்கப் பயப்பட்டார். ஆனால் பால் போத்தலை எப்படிக் கொதிக்க வைப்பது என்று கேட்டு, தானே நின்று கொதிக்க வைத்தார். இப்படிப்பட்ட ஆம்பிளைகளும் பொலிஸில் இருந்தார்கள் என்பதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

இனித் துப்புக்கு வருகிறேன். இறந்த நேரத்தைப் படத்தில் காட்டுவதுபோல மணி, நிமிடமாகச் சொல்ல முடியாது. உடம்பு குளிர்கிற வேகத்தைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவார்கள். கொழும்பு வெக்கையில் காற்றின் சூடும் உடம்பின் சூடும் கிட்டக் கிட்ட இருப்பதால் உடம்பு மெதுவாகத்தான் குளிரும். விறைப்பும் குளிர் நாடுகளைவிடக் கெதியாக வந்து கெதியாகப் போய்விடும். அதனால் சட்ட வைத்திய அதிகாரி இரவு ஒன்பதுக்கும் இரண்டுக்கும் இடையில் என்று அகலமாகத்தான் சொன்னார்.

ஆனால் ஏணைக்குக் கீழே பால் போத்தல் ஒன்று கிடந்தது. அடியில் கொஞ்சம் பால் மிச்சம். சார்ஜன்ட் கையுறையோடு தூக்கி மணந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார். புளிக்கவில்லை. கரைத்த பால்மாவை வெளியில் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குமேல் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்பது தாய்மாருக்குத் தெரியும். ராத்திரி கரைத்த பாலென்றால் அந்த வெக்கையில் விடியும்போது திரிந்து நாறியிருக்கும். சுடுதண்ணிப் போத்தலிலும் தண்ணீர் கொதிசூடாக இருந்தது. நப்பி ஈரமில்லை. கதிரையில் பால் கக்கியதைத் துடைத்த துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. பள்ளிவாசலில் சுபஹு பாங்கு சொன்ன நேரத்தில் பிள்ளை அழுததாகவும், கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றதாகவும் எதிர்வீட்டு ஆச்சி சொன்னார்.

அப்படியானால் தாய் இறந்து பல மணி நேரத்துக்குப் பிறகு யாரோ வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துத் துணி மாற்றித் தூங்கவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கொன்றவன்தான் திரும்பி வந்திருப்பான் என்பது இன்ஸ்பெக்டரின் எண்ணம். சார்ஜன்ட் ஒத்துக்கொள்ளவில்லை. “கொன்றவன் பிள்ளை அழுதால் ஓடுவான் சேர். இது அழுகை கேட்டு வந்த ஆள்” என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. அதோடு நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். தாய் நப்பிக்குச் சேப்டி பின் குத்துகிறவள். பின்கள் ஒரு சிறிய கிண்ணத்தில் இருந்தன, துவைத்த நப்பிகளில் குத்திய அடையாளம் இருந்தது. பிள்ளை கட்டியிருந்த நப்பிக்கோ பின் இல்லை. இடது இடுப்பில் துணியின் இரண்டு நுனிகளையும் முடிந்து, மிச்சத்தை உள்ளே சொருகியிருந்தது.

பகல் தாண்டியதும் பிள்ளை பால் குடிக்க மறுத்துவிட்டான். அதே பால்மா வாங்கியிருந்தோம், அளவும் டின்னில் போட்டிருக்கிறபடிதான். வாயில் வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டு வீரிட்டு அழுகிறான். எட்டு மாதம் என்றால் ஆள் வித்தியாசம் தெரிகிற வயது, தாயைத் தேடுகிறான். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நிலையத்தில் இருக்க என்னால் முடியவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு அதே தெருவுக்குப் போய், தாய் எப்படிக் கொடுப்பாள் என்று வீடு வீடாகக் கேட்டேன். யாரையும் பிடிக்கிற எண்ணத்தோடு நான் பிள்ளையைக் கொண்டு போகவில்லை, இதை அழுத்திச் சொல்கிறேன். காலையில் பொலிஸாரைக் கண்டு கதவைச் சாத்திய சனம் இப்போது பிள்ளையைப் பார்க்க வாசலுக்கு வந்தது. ஒருவர் ஓமத்தண்ணி கொடுக்கச் சொன்னார், ஒருவர் கண்ணூறு கழித்துவிட்டார்.

வீட்டுக்காரரின் பின்பக்கக் குசினியில் வேலைக்கு நின்ற பிள்ளை ஒருத்தி எட்டிப் பார்த்தாள். ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள், பதினெட்டு வயது இருக்கும். “சூடா குடுத்தா குடிக்கமாட்டான்க்கா, நல்லா ஆறணும்” என்றாள். நான் கேட்காமலே பிள்ளையை வாங்கி மடியில் சரித்து, போத்தலை இரண்டு கைக்குள்ளும் உருட்டி ஆற்றி, சூப்பியை முதலில் உதட்டில் தடவினாள். குடித்தான். நப்பி நனைந்திருந்தது. புதிதை எடுத்துக் கொடுத்தேன். மடித்து, இடது இடுப்பில் முடிந்து, மிச்சத்தை உள்ளே சொருகினாள்.

நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவளும் பார்த்துவிட்டாள். உதடு நடுங்கியது. “நீ பால் குடுக்காட்டி இவன் காலையிலே கத்திக் கத்தி வாடியிருப்பான் பிள்ளை. நீ செய்தது நல்ல காரியம்” என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

ராத்திரி பின்படியால் வீட்டுக்காரரின் தம்பி ஒரு பையோடு இறங்கியதைக் குசினியில் படுத்திருந்தவள் கண்டிருக்கிறாள். விடியற்காலை பிள்ளை அழுது யாரும் தூக்காததால் மேலே போயிருக்கிறாள். தாயைக் கண்டதும் ஓடிவரத்தான் நினைத்தாளாம், பிள்ளை ஏணைக்குள்ளிருந்து கையை நீட்டியதால் நின்றுவிட்டாளாம். அவளுடைய அடையாள அட்டை வீட்டுக்காரர் கையில், சிங்களம் தெரியாது. யாரிடம் சொல்வாள்?

அவளுடைய வாக்குமூலத்தை நான் தமிழில் எழுதினேன். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. ஆனாலும் வாசிக்கத் தெரியாத சிங்கள வாக்குமூலங்களில் நம் சனம் கையெழுத்து வைத்ததை என் சேவைக்காலம் முழுக்கக் கண்டிருக்கிறேன். எனக்கு நெஞ்சு எரிகிற விஷயம் இது. எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னாள், திருத்தினேன். பிறகுதான் கையெழுத்து.

தம்பிக்காரன் சீட்டுக் காசில் பெரிய கடன்காரன். பிடிபட்டதும் ஒத்துக்கொண்டான். ஆனால் பொலிஸாரிடம் சொல்லும் குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 25ஆம் பிரிவு. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தப் பகுதியை மட்டும் 27ஆம் பிரிவின் கீழ் எடுக்கலாம். அப்படித்தான் சீட்டுக் கொப்பியும் தாயின் சங்கிலியும் அவன் காட்டிய இடத்தில் கிடைத்தன. வழக்கில் எதிர்த்தரப்பு, போத்தலில் இருந்தது குசினியில் வேலைக்கு நின்ற பெண்ணின் விரலடையாளம், அவளே ஏன் கொலை செய்திருக்கக் கூடாது என்று கேட்டது. கொப்பியும் சங்கிலியும் இல்லாவிட்டால் அந்தக் கேள்வி அவளை விழுங்கியிருக்கும். மேல் நீதிமன்றத்தில் தீர்ப்பு வர வருடங்கள் ஆயின. அவள் ஒவ்வொரு தவணைக்கும் தோட்டத்திலிருந்து தகப்பனோடு வந்தாள். அந்த வீட்டுக்கு அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அடையாள அட்டையை சார்ஜன்ட் போய் வாங்கிக் கொடுத்தார்.

அம்மம்மா வந்ததும் நீதவான் பிள்ளையை அவரிடம் ஒப்படைத்தார். மிச்சப் பால்மா டின்னோடு சூப்பி இரண்டையும் இன்ஸ்பெக்டர் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். பாலை நன்றாக ஆற்ற வேண்டும் என்று நான் சொன்னேன்.

ஒரு தங்கை, இப்படி ஒரு வீட்டில் பிள்ளையைக் கண்டால் நாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். உடனே 119க்கு அழையுங்கள். சிறுவர் விஷயத்துக்கு தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இருக்கிறது. பிள்ளை அழுதால் தயங்காமல் தூக்குங்கள், பசித்தால் வேறு போத்தலில் பால் கொடுங்கள். ஆனால் அங்கே கிடக்கும் போத்தலைக் கழுவாதீர்கள். மாற்றிய நப்பியை வீசாமல் கடதாசிப் பையில் போட்டு வையுங்கள், பொலித்தீன் வேண்டாம், ஈரம் பிடித்துப் பழுதாகும். எத்தனை மணிக்கு அழுதான், எத்தனை மணிக்கு நிறுத்தினான் என்பதைக் கிடைத்த துண்டில் எழுதி வையுங்கள். வாக்குமூலம் கேட்டால் தமிழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள், வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.