சம்பளம் கொடுத்தால் துப்பாக்கியைக் கீழே வைப்பார்களா?

ரொட்டிக்காரன்:
லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் பாயில் ஹைட்ஸ் பகுதியில், தெருக்குழுச் சண்டையில் சிக்கிய பையன்களுக்கு வேலை தேடித் தரும் முயற்சியை 1988-இல் தொடங்கினார் கிரெக் பாயில் என்ற பாதிரியார். வேலை தர ஆள் கிடைப்பது அரிதாக இருந்ததால் 1992-இல் சொந்தமாகவே ஒரு பேக்கரி திறந்தார். அதுதான் இன்றைய 'ஹோம்பாய் இண்டஸ்ட்ரீஸ்'. நேற்றுவரை ஒருவரையொருவர் சுடத் திரிந்தவர்கள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்று மாவு பிசைகிறார்கள்.

போன மாதம் போயிருந்தேன். பில் போட்ட இளைஞரின் கழுத்தில் பாதி அழிந்த பச்சை. எழுத்து போய்விட்டது, ஓரம் மட்டும் சாம்பலாகத் தெரிந்தது. அங்கேயே லேசர் வைத்து இலவசமாக அழிக்கிறார்கள். ஒரே தடவையில் போகாது, பல முறை வர வேண்டும். நெற்றியில் குழுவின் பெயரோடு வருகிறவனுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? போலீசுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை இதற்குத் தரலாம் என்பது என் கட்சி.

கணக்கர்:
உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படியேறி வருகிறவன் பாதி திருந்திவிட்டவன். அதைப் பேக்கரியின் வரவில் எழுதலாமா? வராதவனைப் பற்றித்தானே பேச்சு! அதே தெருவில் எந்த வம்புக்கும் போகாமல் வேலைக்கு அலைகிற பையன் என்ன பாவம் செய்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மழைக்காகம்:
கணக்கர் ஐயா, உங்கள் முதல் கேள்விக்குச் சிகாகோவில் பதில் இருக்கிறது. வன்முறை மிகுந்த பகுதிகளில் உள்ள 13 பள்ளிகளிலிருந்து விண்ணப்பித்த 1,634 மாணவர்களில், கோடைகால வேலை யாருக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஆகவே வந்தவன், வராதவன் என்ற பேச்சே இல்லை. எட்டு வாரம், குறைந்தபட்சக் கூலி, கூடவே வழிநடத்த ஒரு பெரியவர். அடுத்த 16 மாதங்களில், வேலை பெற்றவர்கள் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானது மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவு. 2014-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது.

கணக்கர்:
படித்திருக்கிறேன். திருட்டு அப்படிக் குறையவில்லை என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பையில் காசு இருந்ததால் மாறினான் என்றால் முதலில் குறைய வேண்டியது திருட்டுதானே.

மழைக்காகம்:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்! வன்முறை குறைந்ததில் பெரும்பகுதி எட்டு வாரம் முடிந்த பிறகு நடந்தது. காசு செலவழிந்து போயிருக்கும். மேலதிகாரி திட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் பழக்கம் மிஞ்சியிருக்கலாம். இது என் ஊகம்தான்.

கணக்கர்:
அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். சுடுகிற வயதுக்காரர்களுக்கு வாருங்கள். அதே சிகாகோவில் 2017-இல் தொடங்கிய 'ரெடி' திட்டம் 18 மாதம் வேலையும் மனப்பயிற்சியும் கொடுத்தது. எல்லா வன்முறையையும் சேர்த்து அளப்பதாக முன்கூட்டியே வகுத்த அளவுகோலில் உறுதியான மாற்றம் தெரியவில்லை. சுட்டதற்கும் கொலைக்குமான கைதுகள் குறைந்தன என்று பிறகு தனியாக எடுத்துக் காட்டுகிறார்கள். அம்பு விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுகிற வேலை.

ரொட்டிக்காரன்:
அந்தத் திட்டத்துக்கு ஆள் பிடித்த விதத்தையும் பாருங்கள். கணினி பட்டியல் போட்டுத் தந்தவர்களைவிட, தெருவில் பழகிய களப்பணியாளர்கள் கைகாட்டியவர்களிடம்தான் மாற்றம் அதிகம். யார் கையில் இன்று துப்பாக்கி இருக்கிறது, யாருக்கு அது அலுத்துவிட்டது என்பது அந்தத் தெருக்காரனுக்குத் தெரியும்.

கணக்கர்:
இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் களப்பணியாளருக்கு யார் சம்பளம்? உங்கள் பாதிரியாரே 2010-இல் பணமில்லாமல் ஏறக்குறைய 300 பேரை வீட்டுக்கு அனுப்பினார்.

ரொட்டிக்காரன்:
அனுப்பினார். சம்பளம் நின்ற பிறகும் சிலர் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

கணக்கர்:
சிலர் என்றால் எத்தனை பேர்?