மறுமொழி: காலிபருக்குக் 'குழல்விட்டம்' போதுமா?

வணக்கம்.

துப்பாக்கியைப் பற்றிய பாதுகாப்புக் குறிப்பில் வரும் 'காலிபர்' (caliber, குழலின் உள்விட்ட அளவு) என்ற சொல்லுக்குக் 'குழல்விட்டம்' என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று நேற்று இருவர் எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். சொல் நன்றாகத்தான் இருக்கிறது, கேட்டவுடன் புரிகிறது, குழலின் உள்ளளவை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் நானும் அதைத்தான் எழுதுவேன். ஆனால் நாம் மொழிபெயர்க்கும் பாதுகாப்புக் குறிப்பில் அது வரும் இடம் வேறு: கைத்துப்பாக்கியில் அதற்கு உரியதல்லாத தோட்டாவைத் தெரியாமல் போட்டுச் சுட்டுவிட்டால் என்ன ஆகும் என்கிற பகுதி. அங்கே 'தவறான குழல்விட்டத் தோட்டா' என்று எழுதினால், ஓகோ, விட்டம் ஒத்துப்போனால் போதும் போலிருக்கிறது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். பாதி விபத்துக்கு அந்த நினைப்பே காரணமாகிவிடும்.

'9 மி.மீ.' என்று பெயர் போட்டு வரும் தோட்டாக்களையே பாருங்கள். 1902-இல் துப்பாக்கி வடிவமைப்பாளர் லூகர் கொண்டுவந்த 9×19 பாரபெல்லம் ஒன்று. 9×17 இன்னொன்று, இதையே அங்குலக் கணக்கில் .380 என்றும், 9 மி.மீ. குர்ட்ஸ், 9 மி.மீ. கோர்ட்டோ என்றும் சொல்கிறார்கள் (ஒன்று ஜெர்மன், மற்றது இத்தாலியன், இரண்டுக்கும் பொருள் 'குட்டை'). மூன்றாவது 9×18 மகரோவ், அதன் குண்டு உண்மையில் 9.27 மி.மீ. பெருக்கல் குறிக்குப் பின்னால் இருப்பது கூட்டின், அதாவது மருந்தை அடக்கிய உறையின், நீளம். மூன்றுமே ஒன்பதுதான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றது நிற்க முடியாது.

சுழல்துப்பாக்கியில் இன்னும் வேடிக்கை. .38 ஸ்பெஷல், .357 மேக்னம் இரண்டுக்கும் குண்டின் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றே, .357 அங்குலம்; .38 என்பது பேருக்குத்தான். மேக்னத்துக்கான துப்பாக்கியில் .38 போட்டுச் சுடலாம், தவறே இல்லை. .38 துப்பாக்கியில் மேக்னத்தைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக, 1930களில் அதை உருவாக்கியவர்கள் கூட்டை ஏறக்குறைய 3 மி.மீ. நீட்டி, தோட்டாக்கள் அமரும் பழைய உருளைக்குள் முழுதாக உட்காராதபடி செய்தார்கள். விட்டம் ஒன்று, ஒரு திசையில் சரி, மறு திசையில் ஆபத்து. இதை எப்படி ஐயா 'குழல்விட்டம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைப்பது?

ஆகவே இரண்டு சொல் வேண்டும். அளவுக்குக் குழல்விட்டம். துப்பாக்கி எந்தத் தோட்டாவுக்கென்று செய்யப்பட்டதோ அதைச் சொல்ல, வெறுமனே 'தோட்டா வகை'. கவர்ச்சி இல்லைதான், ஆனால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. (கூடவே ஒன்று: குண்டு என்பது குழலை விட்டுப் பறந்து போவது, கூடு என்பது மிஞ்சுவது, மருந்தோடு சேர்ந்த முழுப்பொருள்தான் தோட்டா. வரைவில் மூன்றும் கலந்து கிடக்கின்றன.)

சரி, உரியதல்லாத தோட்டாவைப் போட்டுச் சுட்டுவிடும் அந்த நிகழ்வுக்கு என்ன பெயர்? 'பிழைத்தோட்டா' என்றால் தோட்டாவில் குறை என்று ஆகிறது. அது பாவம், அதன் துப்பாக்கியில் ஒழுங்காகத்தான் வெடிக்கும். 'மாற்றுத் தோட்டா' அதைவிட மோசம், கைவசம் வைத்துக்கொள்ளும் உபரி என்று தோன்றும். என் முன்மொழிவு: 'தோட்டா மாறாட்டம்'.

ஏன் என்று சொல்கிறேன். ஒரே மாதிரித் துப்பாக்கி 9×19-க்கும் வரும், .40 (அங்குலக் கணக்கில் பெயர் வைத்த இன்னொரு தோட்டா) என்பதற்கும் வரும், மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி போல இருக்கும். .40-இன் குண்டு சுமார் 10.2 மி.மீ., கூடு 21.6 மி.மீ.; 9×19-இல் முறையே 9, 19.15. பெரியது சின்னதின் அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) நுழையாது, அதோடு தொல்லை விட்டது. சின்னது பெரியதில் தாராளமாகப் போய்விடும். இந்த வகைத் தோட்டாக்கள் கூட்டின் வாய் அறையின் முன்விளிம்பில் முட்டித்தான் நிற்கும், இங்கே முட்டுவதற்கு எதுவும் இல்லை. ஆனாலும் கூட்டின் அடியை இழுக்கும் கொக்கி அதைப் பிடித்துக்கொண்டால் தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி எட்டிவிடும், வெடித்தும்விடும். சுற்றிலும் இடம் இருப்பதால் கூடு உப்பும், சில சமயம் நெடுக்கில் கிழியும். குண்டு மரையை (குழலுக்குள் வெட்டிய திருகு வரிகளை) பற்றாமல் தள்ளாடிப் போகும், வாயு பக்கவாட்டில் கசிந்து வேகம் குறையும், ஸ்லைடு (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) முழுதாகப் பின்வராமல் அடுத்த தோட்டா ஏறாமல் நிற்கும். சத்தமே வேறு மாதிரி இருக்கிறதே என்று சுட்டவர் அங்கேயே நிறுத்திவிட்டால் பிழைத்தார். எந்தக் காரணத்தாலோ குண்டு குழலுக்குள் தங்கியிருந்து, அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கலாம். (சத்தம் பாதியாக வரும் அந்தச் சூட்டுக்கு 'அரைவேட்டு' என்று ஒரு சொல் வைத்திருக்கிறேன், அதைத் தனியாகப் பேசுவோம்.)

ஆக, அளவு தப்பிய ஒன்று முட்டி நிற்கிற கதை அல்ல இது. வேறொருவன் நம் ஆள்போல வந்து உட்கார்ந்து, அவன் வேலையையும் அரைகுறையாகச் செய்துவிட்டுப் போகிற கதை. ஆள்மாறாட்டத்தில் ஏமாற்றும் நோக்கம் இருக்கிறதே, இது தற்செயல்தானே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அந்த நோக்கம் நீதிமன்றத்துக் குற்றப்பெயரோடு ஒட்டியது. மாறாட்டம் என்பதற்குத் தனியே நின்றால் தடுமாற்றம், ஒன்றை இன்னொன்றாகக் கொள்ளுதல் என்றுதான் பொருள்.

சொல் வேட்டைத் துப்பாக்கிக்கும் பொருந்தும். அங்கே அளவைக் கேஜ் என்பார்கள், எண் கூடினால் குழல் சிறிது; 12 கேஜ் குழலில் 20 கேஜ் தோட்டா வழுக்கி முன்னே போய் மாட்டிக்கொள்ளும், அறை காலி என்று நினைத்துப் பின்னால் 12-ஐப் போட்டுச் சுட்டால் குழல் கிழிந்துவிடும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்தது இதற்காகத்தான். கைத்துப்பாக்கித் தோட்டாவில் அப்படி நிறம் கிடையாது, கூட்டின் அடியில் பொடி எழுத்தில் பொறித்திருப்பதைத்தான் படிக்க வேண்டும். அதற்கு 'அடிமுத்திரை' என்று எழுதியிருக்கிறேன்.

குறிப்பில் வாக்கியம் இப்படி வரும்: "தோட்டா மாறாட்டத்தைத் தவிர்க்க, குழலில் பொறித்துள்ள தோட்டா வகையும் ஒவ்வொரு தோட்டாவின் அடிமுத்திரையும் ஒன்றுதானா என்று மேகசினில் ஏற்றும் முன் பாருங்கள்." 

'அடிமுத்திரை' பத்திரப்பதிவு வாடை அடிக்கிறது என்று எனக்கே தோன்றுகிறது. 'அடிப்பொறிப்பு' தேவலையா?