டயாஃப்ரம்: ‘இடைத்திரை’க்குப் பதில் ‘அதிர்முகம்’?

அன்பு நண்பர்களே,

கும்பகோணத்தில் பிள்ளைகளுக்காக நாங்கள் அச்சிடப்போகும் ஒலி செயல்தாளுக்கு ஒரு சொல் வேண்டும். ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, ஸ்டெதாஸ்கோப் எல்லாவற்றிலும் இருக்கும் டயாஃப்ரமுக்கு, அதாவது ஒலியோடு சேர்ந்து அதிரும் மெல்லிய பரப்புக்கு. இந்த இழையில் இதுவரை இடைத்திரை, சவ்வு, அதிர்தகடு ஆகியவை வந்திருக்கின்றன. எனக்கு எதிலும் நிறைவில்லை.

செய்முறை நமக்கெல்லாம் பழக்கமான தீப்பெட்டி டெலிபோன்தான். தீப்பெட்டிக்குப் பதில் பேப்பர் கப். அடியில் ஊசித் துளை, அதில் நூல், முடிச்சு உருவிக்கொள்ளாமலிருக்க உள்பக்கம் ஒடித்த தீக்குச்சி. நூலை விறைப்பாகப் பிடித்தால் வாசல் திண்ணையில் கிசுகிசுப்பது கொல்லையில் கேட்கும். நூல் தொய்ந்தால் கேட்காது. நடுவில் யாராவது விரலால் நூலைப் பிடித்தாலும் பேச்சு அங்கேயே அடங்கிவிடும்.

பிள்ளைகளின் கண் முழுக்க நூலின் மேலேயே இருக்கிறது. ஆனால் நாம் பெயர் தேடுவது கப்பின் அடிக் காகிதத்துக்கு. பேசும்போது கப்புக்குள் காற்றழுத்தம் கூடிக் குறைகிறது. அதற்கேற்ப அந்தக் காகிதம் முன்னும் பின்னும் அசைந்து நூலை இழுத்து விடுகிறது. மறுமுனைக் காகிதமும் அப்படியே அசைந்து, அங்குள்ள காற்றைத் தள்ளுகிறது. இதைக் கண்ணாலேயே காட்டிவிடலாம். கொட்டாங்கச்சியின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, மேலே கொஞ்சம் ரவையைத் தூவி, பக்கத்தில் குனிந்து ‘ஊ’ என்று உரக்கச் சொன்னால் ரவை துள்ளும். குரலை ஏற்றி இறக்கினால் ஒரு சுருதியில் மட்டும் மிக அதிகமாகத் துள்ளும். பிள்ளைகள் அந்தச் சுருதியை விடாமல் தேடுவார்கள், பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

இதைச் செய்து பார்த்த பிள்ளையிடம் ‘திரை’ என்றால் மறைப்பது, தடுப்பது என்றுதான் நினைக்கும். இங்கே நடப்பதோ நேரெதிர். கேமராவில் ஒளியைக் குறைக்கும் பாகத்துக்கு இடைத்திரை பொருந்தும், அங்கேயே இருக்கட்டும். சவ்வு என்றால் உடம்பின் நினைவு வருகிறது. பலூன் ரப்பரைத் தகடு என்று எப்படிச் சொல்வது?

என் பரிந்துரை: அதிர்முகம். நம் பக்கத்தில் தோற்கருவியின் அடிக்கும் பரப்பை ‘முகம்’ என்று சொல்வது புதிதல்ல. திருவாரூர் தியாகராசர் கோயிலின் பஞ்சமுக வாத்தியம் ஐந்து முகம் கொண்டது, ஐமுக முழவம் என்றும் அதற்குப் பெயர். மத்தளத்துக்கு இரண்டு முகம். ‘அதிர்முகம்’ வினைத்தொகையாகவும் அமைகிறது. தோல், காகிதம், ரப்பர், உலோகம் எதுவானாலும் பொருந்தும். ஒலிபெருக்கியின் அதிர்முகம் கிழிந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு எங்கும் இடறவில்லை.

‘பறை’யும் நல்ல சொல். செவிப்பறை ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அதை மாற்றவே கூடாது. ஆனால் ஒலிவாங்கிப் பறை, ஒலிபெருக்கிப் பறை என்று போனால் முழுக் கருவியைச் சொல்கிறோமா, ஒரு பாகத்தையா என்று குழம்பும். செவிப்பறை என்பது காதின் அதிர்முகம் என்று விளக்கிவிட்டால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும்.

தவில் பக்கம் பழக்கமுள்ளவர்களிடம் ஒரு கேள்வி. அங்கே வலப்பக்க முகத்தை வலந்தலை என்கிறோம், அப்படியென்றால் ‘அதிர்தலை’ இன்னும் இயல்பாக இருக்குமா? எனக்கு முகமே பிடித்திருக்கிறது; தலை என்றால் பரப்பு என்பது உடனே தோன்றவில்லை. மாற்றுக் கருத்து இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், அப்புறம் தாள் அச்சுக்குப் போய்விடும்.