ராச்செஸ்டர் தேய்ந்தது கோடக்கால்தானா?

ஆற்றோரம்:
நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒரே கதைதான்: புகைப்படச் சுருள் நிறுவனமான கோடக் செழித்தபோது ஊர் செழித்தது, கோடக் திவாலானதும் ஊர் தேய்ந்தது. பதினோரு ஆண்டுகளாக இந்த ஊருக்குள் குடியிருக்கிறேன். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்கள்.

1950ல் ஊரின் மக்கள்தொகை 3,32,488. அதுதான் உச்சம். 1980ல் 2,41,741. அதாவது முப்பது ஆண்டுகளில் 90,000 பேருக்கு மேல் குறைந்துவிட்டார்கள். அந்த முப்பது ஆண்டுகளில் கோடக் என்ன ஆனது? வளர்ந்தது! ராச்செஸ்டரில் கோடக் ஊழியர் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டதே 1982ல்தான், 60,400 பேர். அதன்பிறகுதான் ஆட்குறைப்பு தொடங்கியது. 2012 ஜனவரியில் திவால் மனு. ஆனால் 1980 முதல் 2010 வரை ஊர் இழந்தது சுமார் 31,000 பேர். 2020 கணக்கெடுப்பில் 2,11,328 என்று சில நூறு பேர் கூடியும் விட்டார்கள்.

கோடக் கொழித்த காலத்தில் 90,000. கோடக் சரிந்த காலத்தில் 31,000. எது எதற்குக் காரணம் என்று இதைப் பார்த்தபின் சொல்லுங்கள்.

புகைப்படப்பித்தன்:
ஆற்றோரம் ஐயா, எண்கள் சரி. முடிவு தவறு. தலைகளை எண்ணினால் மட்டும் ஊரின் நலம் தெரிந்துவிடுமா?

1912 முதல் கோடக் தன் ஊழியர்களுக்கு ஊதியப் பங்கு என்று ஆண்டுதோறும் போனஸ் கொடுத்தது. அந்தப் பணம் கைக்கு வரும் நாளைக் கணக்குப் போட்டு இந்த ஊரின் கார் விற்பனையாளர்களும் மரச்சாமான் கடைக்காரர்களும் காத்திருப்பார்கள். பள்ளிப் படிப்பை முடித்த ஒருவன் கோடக் பார்க் ஆலைக்குள் நுழைந்தால் வீடு, கார், பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பு, ஓய்வூதியம் எல்லாம் உறுதி. அப்படி ஒரு வாழ்க்கைக்கு வாசல் இருந்தது. 2007ல் அந்த ஆலை வளாகத்தின் பெரிய கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூடி நின்று பார்த்தவர்களில் அங்கேயே வேலை செய்தவர்களும் இருந்தார்கள். அந்த வாசல் மூடியதை எந்தக் கணக்கெடுப்பின் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

இன்னொன்று. பக்கத்து ஊர் பஃபலோவைப் பாருங்கள். 1950ல் 5,80,132; 2020ல் 2,78,349. பாதிக்கு மேல் போய்விட்டது. ராச்செஸ்டர் இழந்தது சுமார் 36 விழுக்காடு. அங்கே எஃகும் தானியமும் போனபின் ஊரைத் தாங்க எதுவும் இல்லை. இங்கே கோடக் இருந்தது. அணை உடைவதற்கு முன்பே நீர் கசிந்தது என்பதற்காக, அணையே தேவையில்லை என்று சொல்லாதீர்கள்.

சுடரொளி:
1975ல் கோடக்கின் பொறியாளர் ஸ்டீவன் சாசன்தான் முதல் டிஜிட்டல் கேமராவை உருவாக்கினார். அதைக் கையில் வைத்துக்கொண்டே நிறுவனம் கோட்டைவிட்டது. ஊரின் கதை அங்கேயே முடிந்துவிட்டது என்பேன்.

ஆற்றோரம்:
சுடரொளி, அது நிறுவனத்தின் கதை. மேலாண்மை வகுப்புகளில் சொல்லட்டும். நான் கேட்பது ஊரைப் பற்றி.

புகைப்படப்பித்தன், உங்கள் அணை உவமையையே எடுத்துக்கொள்கிறேன். நீர் எங்கே போனது? 1950ல் ராச்செஸ்டர் அமைந்திருக்கும் மன்ரோ கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) மக்கள்தொகை 4,87,632. 1980ல் 7,02,238. ஊருக்குள் 90,000 பேர் குறைந்த அதே முப்பது ஆண்டுகளில் ஊரைச் சுற்றி மூன்று லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள். வறட்சியெல்லாம் இல்லை. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கிரீஸ், ஐரன்டிக்வாய், ஹென்ரியட்டா, பென்ஃபீல்ட், பிட்ஸ்ஃபோர்ட் ஆகிய புறநகர்களுக்கு. கோடக் சம்பளத்தை வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

இந்த ஊர் ஒருமுறை தன் பிழைப்பை முழுதாக இழந்து பார்த்த ஊர். ஜெனசி ஆற்றின் அருவியை நம்பி மாவு ஆலைகள் எழுந்தன. 1820களில் ஈரி கால்வாய் வந்ததும் இங்கே அரைத்த மாவு நியூயார்க் வரை போனது. ‘மாவு நகரம்’ என்றே பட்டம். பிறகு கோதுமை விளைச்சல் மேற்கே நகர்ந்தது, ஆலைகளும் நகர்ந்தன. ஊர் செத்ததா? இல்லை. எல்வாங்கர், பாரி என்ற இருவர் நடத்தியது போன்ற நாற்றுப் பண்ணைகள் பெருகி ‘பூ நகரம்’ என்று பெயர் மாறியது (ஆங்கிலத்தில் மாவு flour, பூ flower; இரண்டு சொற்களுக்கும் ஒலி ஒன்றே). பிறகு தையல் ஆலைகள், 1853ல் தொடங்கிய பாஷ் அண்ட் லாம்பின் கண்ணாடி வில்லைகள், பிறகு கோடக்கை நிறுவிய ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1850ல் 36,403 பேர் இருந்த ஊரில் 1900ல் 1,62,608 பேர். தலையாய தொழில் போயும் ஊர் நான்கு மடங்குக்கு மேல் பெருத்தது. புதிய தொழிலில் சம்பாதித்தவர்கள் ஊருக்குள்ளேயே குடியிருந்தார்கள். அதுதான் வேறுபாடு.

நிலவுமொழி:
இந்த இடத்தில் நான் பேச வேண்டும். ஊரைவிட்டு வெளியே போனவர்களில் நாங்களும் ஒருவகையில் சேர்த்தி.

2004ல் இங்கே வந்தோம். வீடு காட்டிய முகவர் நகர எல்லைக்குள் ஒரு வீட்டுக்குக்கூட எங்களை அழைத்துப் போகவில்லை. நாங்களும் கேட்கவில்லை. “நல்ல பள்ளி எங்கே?” என்ற ஒரே கேள்விதான் எங்களிடம் இருந்தது. மன்ரோ கவுண்டியில் 18 பள்ளி மாவட்டங்கள். ராச்செஸ்டர் நகரத்துக்கு ஒன்று, மற்றவை புறநகர்களுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை, தனி வரி. பிட்ஸ்ஃபோர்டில் வாங்கினோம். அதே முடிவை எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வீடும் தன் பிள்ளைக்காகச் சரியாகத்தான் முடிவு செய்கிறது. எல்லாம் கூடும்போது, எல்லைக்கு உள்ளே இருக்கும் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சுகிறார்கள். 2010களில் ராச்செஸ்டர் நகரக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். பத்து நிமிடக் கார் தொலைவில் நாட்டின் பெயர்பெற்ற அரசுப் பள்ளிகள். இதை நான் மறக்க முடியவில்லை.

புகைப்படப்பித்தன்:
சகோதரி சொல்வது மனத்தைத் தொடுகிறது. ஆனால் புறநகருக்குப் போவது அமெரிக்கா முழுவதும் நடந்தது. காரும் நெடுஞ்சாலையும் வந்தன, போர் முடிந்து வந்தவர்களுக்கு வீட்டுக்கடன் கிடைத்தது, போனார்கள். எல்லா ஊருக்கும் பொதுவான ஒன்றைக் காட்டி இந்த ஊரின் தனித்த வீழ்ச்சியை விளக்க முடியாது. இந்த ஊரின் தனித்தன்மை கோடக்.

ஆற்றோரம்:
புகைப்படப்பித்தன் எழுதியது: “எல்லா ஊருக்கும் பொதுவான ஒன்று.”

எல்லா ஊருக்கும் ஒரே விளைவு வரவில்லை, நண்பரே. ஒஹையோவின் கொலம்பஸ் 1950ல் ராச்செஸ்டரைவிடச் சற்றே பெரியது, 3,75,901 பேர். இன்று ஒன்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது. அங்கே நகராட்சி ஒரு நிபந்தனை போட்டது: குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் வேண்டுமா, நகரத்தோடு சேருங்கள். மக்கள் வெளியே போகப் போக நகர எல்லையும் அவர்கள் பின்னாலேயே போனது. ராச்செஸ்டர் 1916ல் ஏரிக்கரையிலிருந்த ஷார்லட் கிராமத்தைச் சேர்த்துக்கொண்டது. 1920களுக்குப் பிறகு குறிப்பிடும்படி விரியவே இல்லை. ஏறத்தாழ 36 சதுர மைலுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

யார் வெளியே போக முடிந்தது என்பதும் பொதுவான ஒன்றில்லை. 1950ல் இங்கே கறுப்பின மக்கள் சுமார் 7,600 பேர். பத்தே ஆண்டில் 23,000க்கு மேல். பெரும்பாலோர் தெற்கிலிருந்து வேலை தேடி வந்தவர்கள். அவர்களுக்கு வீடு கிடைத்தது பழைய மூன்றாம் வார்டிலும் ஏழாம் வார்டிலும்தான். பிரைட்டன் என்ற புறநகரில் மெடோபுரூக் என்ற குடியிருப்பு இருக்கிறது. கோடக் ஊழியர்களுக்காக அமைந்த நில நிறுவனம் 1920களில் உருவாக்கியது. அங்கத்திய பழைய வீட்டுப் பத்திரங்களில் வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்ற விதி எழுதியே இருந்தது. எல்லைக்கோடு தானாக வரையப்பட்டதாக எண்ண வேண்டாம்.

1964 ஜூலையில் ஜோசப் அவென்யூவில் கலவரம் வெடித்து, தேசியக் காவற்படை வந்து இறங்கியது. அதன்பின் கறுப்பின மக்கள் ஃபைட் என்ற அமைப்பைக் கட்டினார்கள். அருட்திரு ஃபிராங்க்ளின் புளோரன்ஸ் தலைமை, மக்களைத் திரட்டிப் போராட வைப்பதில் பெயர்பெற்ற சால் அலின்ஸ்கி வழிகாட்டுதல். கோடக்கிடம் அவர்கள் கேட்டது 600 பேருக்கு வேலைப் பயிற்சி. 1966 டிசம்பரில் கோடக்கின் உதவித் துணைத்தலைவர் ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நிறுவனம் உடனே அதை மறுத்தது. நீங்கள் சொன்ன அந்த வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

புகைப்படப்பித்தன்:
ஃபைட் விவகாரத்தில் நான் வாதாட மாட்டேன். கோடக் நடந்துகொண்டது தவறு. அதே ஊரின் ஜெராக்ஸ் அந்த அமைப்போடு பேசி, அவர்களே நடத்தும் ஒரு தொழிற்கூடம் அமையத் துணைநின்றது. (நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு இருக்கும் ஜெராக்ஸ் கடையின் பெயர் பிறந்தது இந்த ராச்செஸ்டரில்தான் என்பது பலருக்குத் தெரியாது.)

ஆனால் கொலம்பஸ் ஒப்பீட்டை ஏற்க மாட்டேன். அது மாநிலத் தலைநகர். பெரிய அரசுப் பல்கலைக்கழகமும் அங்கே. எல்லை சுருங்கியே இருந்திருந்தாலும் அது பிழைத்திருக்கும்.

இன்று ராச்செஸ்டரில் எது நிற்கிறது என்று பார்ப்போம். மிகப்பெரிய வேலையளிப்பவர் ராச்செஸ்டர் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனைகளும். அந்த மருத்துவக் கல்லூரி எழுந்தது ஜார்ஜ் ஈஸ்ட்மனும் ராக்ஃபெல்லர் தரப்பும் கொடுத்த பணத்தில். இசைப்பள்ளி ஈஸ்ட்மன் பெயரிலேயே இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் 1929ல் தொடங்கிய ஒளியியல் துறைக்குக் கைகொடுத்தவை கோடக்கும் பாஷ் அண்ட் லாம்பும். ஆட்குறைப்புக்குப் பிறகும் இந்த ஊரில் ஒளியியல் சிறுநிறுவனங்கள் துளிர்ப்பது அந்த வேரில்தான். ஆக, உங்கள் எண்கள் 1980க்குப் பின் அவ்வளவாகச் சரியவில்லை என்றால், தாங்கிப் பிடித்ததும் கோடக் விட்டுச்சென்ற சொத்துதான். கோடக்கை வெறும் நிறுவனக் கதை என்று ஒதுக்குவது நன்றியில்லாத பேச்சு.

ஆற்றோரம்:
இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஒளியியல் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. முதல் பதிவிலேயே நான் எழுதியிருக்க வேண்டும்.

மீதிப் பாதி: பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவமனைக்கும் சொத்துவரி விலக்கு. கோடக் பார்க் வரி கட்டியது. ஊரின் நடுவே நிற்கும் ஆகப்பெரிய நிறுவனம் வரி கட்டாதபோது, மிஞ்சியிருக்கும் வீடுகள்தான் சுமக்கின்றன. அங்கே உயர்ந்த சம்பளம் வாங்குபவர்களில் எத்தனையோ பேர் மாலை ஐந்து மணிக்கு எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள். தொழில் கோடக்கிலிருந்து மருத்துவத்துக்கு மாறிவிட்டது. பணம் போகும் திசை மட்டும் மாறவில்லை. கோடக்கையே முழுக் காரணமாகச் சொன்னால் இந்தத் திசையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். என் கோபம் அதுதான்.

சுடரொளி:
அப்படியானால் செய்யக்கூடியது என்ன? எல்லையை இனி நகர்த்த முடியாது. புறநகர் மக்கள் ஒப்ப மாட்டார்கள்.

நிலவுமொழி:
1965ல் தொடங்கிய ஒரு திட்டம் இன்னும் நடக்கிறது. நகரப் பிள்ளைகள் பஸ்ஸில் புறநகர்ப் பள்ளிகளுக்கு வந்து படிக்கிறார்கள். முதல் ஆண்டு 24 பிள்ளைகளோடு மேற்கு ஐரன்டிக்வாயில் தொடங்கியது. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கும் அப்படிச் சிலர் வருகிறார்கள். விடியற்காலையில் கிளம்பி வருகிறார்கள், நன்றாகப் படிக்கிறார்கள். விண்ணப்பிக்கும் பிள்ளைகள் அதிகம், இடங்கள் குறைவு. புறநகர்கள் மனம் வைத்தால் நாளைக்கே இடங்களைக் கூட்டலாம். இதற்கு எல்லையை நகர்த்த வேண்டியதில்லை.

ஆற்றோரம்:
அதோடு உள்வட்டச் சாலை. 1950களிலும் 60களிலும் ஊரின் நடுப்பகுதியைச் சுற்றி, தரைமட்டத்துக்குக் கீழே பள்ளமாகத் தோண்டிய நெடுஞ்சாலை. புறநகர்க் கார்கள் விரைந்து வந்து விரைந்து திரும்ப, வீடுகளையும் கடைகளையும் இடித்து வெட்டிய அகழி. 2014க்கும் 2017க்கும் இடையில் அதன் கிழக்குப் பகுதியை மண்ணிட்டு மூடினார்கள். இன்று அங்கே யூனியன் தெருவில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. மக்கள் நடந்து கடக்கிறார்கள். வடக்குப் பகுதியையும் மூட மாநில அரசு நிதி ஒதுக்கியிருக்கிறது. ஜோசப் அவென்யூ பக்கம் அந்த வடக்குப் பகுதிதான். அந்த நிலம் யாருக்குப் போகும் என்பதில் என் கவலை எல்லாம். நகரக் கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறேன்.

புகைப்படப்பித்தன்:
அந்த நிலத்தில் வீடு கட்டுபவன் எங்கே வேலைக்குப் போவான் என்பது என் கேள்வி. அதை நான் விடப்போவதில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தின் தேதியை இங்கே எழுதுங்கள், ஐயா. நானும் வருகிறேன்.