சோக்கை இழுத்தால் அடங்கும் சேத்தக்

பழைய வண்டியோடு மல்லுக்கட்டிய அனுபவங்களை இந்தக் குழுவில் எல்லோரும் எழுதுகிறீர்கள், நானும் ஒன்று சொல்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழங்காநத்தம் வீட்டு வாசலில் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். யாரிடமும் தொழில் பழகவில்லை. கழற்றுவேன், திருப்பி மாட்டத் தெரியாமல் முழிப்பேன், அப்படியே பழகியதுதான். முதல்முறை கியர் கேபிள் இரண்டையும் இடம் மாற்றி மாட்டிவிட்டேன். கைப்பிடியைத் திருப்பினால் கியர் தலைகீழாக விழுந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது.

வண்டி அப்பாவுடைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டர். 1972-ல் வந்த மாடல், ராணா பிரதாப்பின் குதிரைப் பெயர். பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய காலத்து வண்டி என்பதால், அப்பாவுக்கு அது இன்னொரு பிள்ளை மாதிரி. தினமும் காலையில் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, நிமிர்த்தி, அப்புறம்தான் கிக்கரை மிதிப்பார். அப்படிச் சாய்த்தால் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரின் கிண்ணத்துப் பெட்ரோல் கொஞ்சம் வழிந்து இன்ஜின் பக்கம் போகும், அவ்வளவுதான். ஆனால் அதை அவரிடம் சொல்ல முடியுமா?

அவர் போன பிறகு வண்டி இரண்டு வருஷம் நின்றது. பெட்ரோல் டேங்க்கைக் கழுவி, லிட்டருக்கு 20 மில்லி கணக்கில் ஆயில் கலந்து ஊற்றி, புது பிளக் போட்டு உதைத்தேன். நாலாவது உதையில் கிளம்பிவிட்டது. அழுகை வந்தது, மறைக்கவில்லை. சோதனை அப்புறம்தான் ஆரம்பித்தது. இன்ஜின் சூடேறியதும் ஆக்சிலேட்டரை விட்டாலும் சத்தம் இறங்காது. டிவிஎஸ் நகர் சிக்னலில் நிற்கும்போது அது பாட்டுக்கு வீர்ரென்று அலறும், பக்கத்து ஆட்டோக்காரர் என்னை முறைப்பார்.

கார்பரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டை ஊதினேன். சரியாகவில்லை. கார்பரேட்டரையே மாற்றினேன். பிளக்குக்குப் பொறி தரும் காயில் மாற்றினேன். ஆக்சிலேட்டர் கேபிள் மாற்றினேன். இரண்டு மாதச் சம்பளத்தில் நல்ல பங்கு அதிலேயே போனது. வீட்டில் கேட்ட கேள்விகளை இங்கே எழுத வேண்டாம்.

கடைசியில் கோரிப்பாளையத்தில் ஒரு வயசான பாய் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பினார்கள். போர்டு கூட இல்லாத பட்டறை. அவர் வண்டியைத் தொடவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, "சோக்கை இழுங்க தம்பி" என்றார். பெட்ரோல் பங்கைக் கூட்டும் பிடி அது. இழுத்தேன். அலறல் அடங்கி வண்டி ஒழுங்காகத் துடித்தது. "விடுங்க." விட்டேன், மறுபடி அலறியது. பிளக்கைக் கழற்றச் சொன்னார். காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. "காத்து வேற வழியா உள்ள போகுது. மேக்னட் பக்கம் ஆயில் சீல் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். மேக்னட் என்பது இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் சக்கரம்.

சேத்தக் மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலும் காற்றும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் தண்டு சுற்றும் அறைக்குள் போய்த்தான் மேலே ஏறும். அந்த அறையில் கசிவே இருக்கக்கூடாது. நின்று போன வண்டியில் ரப்பர் சீல் காய்ந்து விறைத்துவிடும், அந்த இடுக்கில் காற்றை உறிஞ்சும். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் இன்ஜின் அலறும், சூடாகும், அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகும். சோக்கை இழுத்தால் பெட்ரோல் பங்கு கூடுவதால் அடங்கிவிடுகிறது. மேக்னட்டைக் கழற்றிப் பார்த்தேன், பின்னால் ஆயில் கசிந்து பிசுபிசுத்திருந்தது. சீல் விலை இரண்டு டீ, இரண்டு வடை காசு. நான் மாற்றிய கார்பரேட்டர் இன்னும் பரணில் கிடக்கிறது.

இன்னொரு பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை கக்கும் என்பதை பிறகு வேறொரு வண்டியில் கற்றேன். அது தனிக்கதை.

* * *

அண்ணே, உங்களுக்கு அலறல், எனக்கு உதை. திருமங்கலத்தில் மாமா வீட்டில் பழைய புல்லட் 350. மெட்ராஸில் செய்த காலத்து வண்டி, வலது காலில் கியர், இடது காலில் பிரேக். பல்சர் ஓட்டுகிற நான் நம்பி ஏறினேன். திருப்பரங்குன்றம் ரோட்டில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. பழக்கதோஷத்தில் வலது காலை அழுத்தினேன். அந்த வண்டியில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பிரேக் என்று நினைத்து அழுத்தியது அடுத்த கியரைப் போட்டது! ஆடு தப்பியது, நான் வேலியில்.

கிளப்புவதற்கும் ஒரு முறை உண்டு. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி, மின்சாரம் காட்டும் அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்தி, சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறக்கி, நெம்புகோலை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு அப்புறம் முழு மூச்சாக ஒரே மிதி. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். எனக்கு கணுக்கால் பத்து நாள் வீங்கியிருந்தது. மாமா அதே வண்டியை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்புக் காலோடு கிளப்புவார்.

* * *

புல்லட், ஜாவா என்றால்தான் எல்லோரும் படம் எடுத்துப் போடுகிறீர்கள். 1980-ல் வந்த டிவிஎஸ் 50-ஐ யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள். உசிலம்பட்டிப் பக்கம் அதில்தான் புல்லுக்கட்டு, தண்ணீர்க் குடம், பொண்டாட்டி பிள்ளை எல்லாம் போனது. மாட்டுத்தாவணிக்குப் பூ மூட்டை ஏற்றி வந்த பெரியவர் ஒருவர், "வண்டி இழுக்க மாட்டேங்குதுய்யா, ரீபோர் பண்ணணும்கிறாங்க" என்று வந்தார். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் அந்த வேலைக்கு ஒரு பட்டறையில் பெரிய தொகை கேட்டிருக்கிறார்கள். நான் சைலன்ஸரைக் கழற்றி ஊதிப் பார்த்தேன், காற்றே போகவில்லை. உள்ளே அத்தனை கரி. தேங்காய்ச் சிரட்டை போட்டு நெருப்பு மூட்டி அதில் சுட்டு, ஆறவிட்டுத் தட்டினேன். ஒரு சொளகு நிறையக் கரி. வண்டி பறந்தது. மறுநாள் அவர் ஒரு பந்து மல்லிகை கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை என்று பெருமைக்குச் சொல்லவில்லை, கேட்க மறந்துவிட்டேன்.

* * *

செல்லூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பாவிடம் விஜய் சூப்பர். இத்தாலியின் இன்னொசென்டி கம்பெனி இயந்திரங்களை வாங்கி லக்னோவில் அரசு நிறுவனம் செய்த ஸ்கூட்டர். அவருக்கு இப்போது குனிய முடியவில்லை, அவர் நாற்காலியில் இருந்து சொல்லச் சொல்ல நான்தான் பார்க்கிறேன். பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டின் இடைவெளி 0.4 மில்லிமீட்டர். அதை அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் இல்லை, ஷேவிங் பிளேடு நாலை அடுக்கி வைக்கச் சொன்னார். ஒரு பிளேடு 0.1 மில்லிமீட்டர், கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் ஒரு தொந்தரவு. காலையில் நன்றாகக் கிளம்புகிறது. நாலைந்து கிலோமீட்டர் போனால் நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் கழித்துத் திரும்பக் கிளம்புகிறது. தெரிந்த கடையில் காயிலையும் மேக்னட்டையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள். அண்ணே, மாற்றிவிடவா?

* * *

வேண்டாம் தங்கச்சி, சேத்தக்காரன்தான் எழுதுகிறேன், இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். அடுத்த முறை நின்றதும், முதல் வேலையாக பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, அப்புறம் வண்டி கிளம்பினால், மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்தினால் போதும். சத்தம் இல்லையென்றால், மேக்னட் ஜன்னல் வழியாக பாயின்டைப் பார்த்துக்கொண்டு யாரையாவது உதைக்கச் சொல்லுங்கள். பாயின்டிலேயே பெரிதாக நீலப் பொறி பறந்தால், அப்படிப் பறக்காமல் தடுக்க வேண்டிய கண்டென்சர் சூட்டில் போகிறது. இருட்டின பிறகு பார்த்தால் நன்றாகத் தெரியும். என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். அப்பாவிடமும் கேளுங்கள், இது அவருக்குத் தெரியாமல் இருக்காது.