சங்க மேஜையில் வண்டி எங்கே படுத்துகிறது? பார்த்தவர்கள் எழுதுங்கள்

வீட்டில் சமர்த்தாக ஓடுகிற எஞ்சின் சங்க மேஜையில் ஏறியதும் அடம் பிடிக்கும். தடம் பிரியும் பாயிண்டில் நிற்கும், வளைவில் பெட்டி குப்புற விழும். மாடல் ரயில் சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லாருக்கும் இதே குறைதான். பாதி நேரம் எஞ்சின்மேல் தப்பே இருக்காது. வீட்டில் தண்டவாளம், வயர், பெட்டி எல்லாம் ஒரே கை செய்தது. அந்தக் கையின் தப்புகள் ஒன்றோடொன்று பழகிப்போயிருக்கும். சங்கத்தில் பத்துப் பேர் கை சேர்கிறது. ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்குகிற இடத்தில்தான் வண்டி விழுகிறது.

ஆளுக்கொரு வேலை பார்த்தவர்கள், எங்கே எது கெடுகிறது, எப்படிப் பிடிப்பது என்று எழுதுங்கள். ‘கவனமாகச் செய்யுங்கள்’ என்பதெல்லாம் வேண்டாம், அளவு வேண்டும். தனியாகச் சொல்லாவிட்டால் எல்லாம் ஹெச்ஓ ஸ்கேலுக்கு (1:87, தண்டவாள அகலம் 16.5 மி.மீ.) என்று வைத்துக்கொள்வோம்.

*

தச்சு வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆளுக்கொன்றாகச் செய்து கொண்டுவரும் மாட்யூல் பலகைகளைச் சேர்க்கும்போது எல்லாரும் பலகையின் மேல் விளிம்பைப் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். சேர வேண்டியது தண்டவாளத்தின் தலை. 12 மி.மீ. என்று வாங்கிய பிளைவுட் அளந்தால் 11.5 இருக்கும். அதன்மேல் ஒருவர் கார்க் ஒட்டியிருப்பார், இன்னொருவர் ஃபோம் ஒட்டியிருப்பார். மாட்யூல்களுக்கான ஃப்ரீமோ விதியில் உயரத்தைத் தரையிலிருந்து தண்டவாளத் தலைவரை 50 அங்குலம், அதாவது 127 செ.மீ. என்று வைத்திருப்பது இதனால்தான். பலகை உயரத்தை வைத்து இரண்டு பேர் வேலையை ஒப்பிடவே முடியாது.

முதல் பலகையைத் தரை எங்கே மேடாக இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பள்ளத்தில் ஆரம்பித்தால், மேட்டுக்கு வரும்போது கால் போல்ட்டை இறக்க இடம் இருக்காது. ரசமட்டத்தை நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை வையுங்கள். அடுத்த பலகையை இரண்டு சி கிளாம்ப் போட்டுத் தளர்வாகப் பிடித்து, 30 செ.மீ. இரும்பு ஸ்கேலை இணைப்பின் குறுக்கே தண்டவாளத்தின் மேல் படுக்க வையுங்கள். பிறகு விரல் நகத்தை இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் போகும்போது மட்டும் நகம் தட்டும், அந்தப் பக்கம் உயரம். கிளாம்பை இறுக்கிய பிறகு மறுபடி நகம் ஓட்ட வேண்டும், ஏனென்றால் இறுக்கும்போதுதான் பலகை அரை மி.மீ. நகரும். சக்கர விளிம்பின் ஆழமே 0.7 மி.மீ. சுற்றுத்தான். அரை மி.மீ. படி அதற்குச் சுவர் மாதிரி.

பலகை முனையில் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டையை நம்பாதீர்கள். ஏற்றி இறக்கும்போது ஒருவர் இடுப்பு இடித்தால் போதும், ஆணிப்பிடி தெறித்துத் தண்டவாளம் ஒரு பக்கம் விலகிவிடும். முனையிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே, ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் கீழே ஒரு பித்தளை ஸ்க்ரூ இறக்கி, அதன் தலையோடு தண்டவாளத்தை ஈயம் வைத்துப் பிடித்துவிடுங்கள். ஸ்க்ரூவைக் கால் திருகு திருகி உயரத்தைச் சரிக்கட்டிக்கொண்டு அப்புறம் ஈயம் வையுங்கள்.

இன்னொன்று, பெயிண்ட். பலகையின் மேல்பக்கம் மட்டும் அடித்துவிட்டு அடிப்பக்கத்தை விட்டால் ஈரம் ஒரு பக்கமாக ஏறி, ஒரு மழைக்காலத்தில் பலகை வில்லாக வளையும். அடியிலும் வெட்டுமுனையிலும் அடியுங்கள்.

*

வயரிங் பக்கம்.

தண்டவாளமே மின்சாரத்தைக் கொண்டுபோகும், துண்டுகளை இணைக்கும் ஃபிஷ் பிளேட் கடத்திவிடும் என்ற நம்பிக்கைதான் முதல் தப்பு. மாடலில் ஃபிஷ் பிளேட் தண்டவாளத்தை நேராகப் பிடிக்கும் வேலைக்கு மட்டும். பசையும் பெயிண்டும் உள்ளே போனால் ஆறு மாதத்தில் கடத்துவதை நிறுத்திவிடும். பலகைக்கு அடியில் 2.5 சதுர மி.மீ. தடிமனில் இரண்டு நிறத்தில் பஸ் எனும் முதன்மை வயர் ஓட வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் 0.5 சதுர மி.மீ. கிளை வயர் (ஃபீடர்), 30 செ.மீ. நீளத்துக்குள்.

ஈயம் வைக்க 40 வாட் இரும்பு போதும். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தைப் பளபளப்பாகச் சுரண்டி, ரோசின் ஃப்ளக்ஸ் தொட்டு, வயர் முனைக்கும் முன்பே ஈயம் ஏற்றி வைத்துக்கொண்டு தொட்டால் மூன்று விநாடியில் பிடிக்கும். பத்து விநாடி இரும்பை அழுத்திக்கொண்டிருந்தால் ஸ்லீப்பர் உருகி அகலம் குறுகும். இரண்டு பக்கமும் ஈரத் துணி வைத்தால் சூடு பரவாது. உள்பக்கம் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள், சக்கர விளிம்பு அந்த ஈயக் குமிழில் ஏறிக் குதிக்கும்.

முடித்ததும் நாணயச் சோதனை. டிசிசி (ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் முறை) மின்சாரம் கொடுத்துவிட்டு, மீட்டருக்கு ஒருமுறை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு நாணயத்தை வையுங்கள். தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் உடனே விழ வேண்டும், அதாவது தானாக அணைய வேண்டும். விழாவிட்டால் அந்த இடத்தில் வயர் ஒல்லி, அல்லது எங்கோ ஈயம் பிடிக்கவில்லை. 14 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 70 வாட். பூஸ்டர் விழாத இடத்தில் பெட்டி தடம் புரண்டு ஷார்ட் ஆனால், அந்தச் சூடு வயரிலும் அந்தச் சக்கரத்திலும் இறங்கும். போகியின் (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) பிளாஸ்டிக் உருகின பிறகுதான் வாசனை வரும்.

எல்லாப் பலகையும் சேர்ந்த பிறகு ஷார்ட் காட்டினால் முனையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றாதீர்கள். நடுவில் பிரியுங்கள். எந்தப் பாதியில் ஷார்ட்டோ அதை மறுபடி நடுவில். எட்டுப் பலகை இருந்தால் மூன்றே பிரிப்பில் ஆள் சிக்கிவிடும். பெரும்பாலும், பலகையைத் தலைகீழாகப் போட்டு வயர் இழுத்தவர் இடம் வலம் மாற்றியிருப்பார். ‘பார்வையாளர் பக்கத் தண்டவாளம் சிவப்பு’ என்று எழுதி வையுங்கள். ‘இடது தண்டவாளம்’ என்று எழுதினால் எந்தப் பக்கம் நின்று பார்த்தால் இடது என்ற சண்டை அடுத்த கூட்டத்திலும் தொடரும்.

*

மேலே விட்டுப்போன ஒன்று. பாயிண்டில் பெட்டி விழாமலேயே கண்ணிமைக்கும் நேரம் ஷார்ட் ஆகிறதென்றால், பிளாஸ்டிக் ஃப்ராக் (தண்டவாளங்கள் குறுக்கிடும் முனை) முடிகிற இடத்தைப் பாருங்கள். எதிரெதிர் மின்சாரம் உள்ள இரண்டு தண்டவாளம் அங்கே ஒன்றை ஒன்று நெருங்கும். அகலச் சக்கரம் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடும். அந்த முனையில் ஒரு செ.மீ. நீளத்துக்கு நகப்பூச்சு தடவினால் நின்றுவிடும். தேய்ந்தால் மறுபடி தடவ வேண்டியதுதான். நிரந்தர வைத்தியம் சக்கர இடைவெளியைச் சரிசெய்வது.

*

அந்தச் சக்கர இடைவெளியை நான் எடுத்துக்கொள்கிறேன். பெட்டி மேஜையில் ஏறுவதற்கு முன் சோதனை உண்டு. இதை அவமானமாக எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை, சங்கத்தின் மூத்த உறுப்பினர் பெட்டியும் அதே தட்டில்தான் ஏறும்.

சக்கரத்தின் உள்முகத்திலிருந்து எதிர்ச் சக்கரத்தின் உள்முகம் 14.4 மி.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் பாயிண்டின் காவல் தண்டவாளத்தில் ஏறும். எடை: அமெரிக்காவில் 1935-இல் தொடங்கிய என்எம்ஆர்ஏ என்ற மாடல் ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி ஒரு அவுன்ஸ், அதோடு அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். மெட்ரிக்கில் 28 கிராம், அதோடு ஒவ்வொரு செ.மீ. நீளத்துக்கும் 5.6 கிராம். 15 செ.மீ. வேகன் 112 கிராம் வர வேண்டும். ‘என்’ ஸ்கேலில் (1:160) 14 கிராம், செ.மீ.க்கு 1.7. எடையில்லாத பெட்டி ஐந்து பெட்டி வண்டியில் தெரியாது. முப்பது பெட்டி வண்டியில் நடுவில் மாட்டினால், வளைவில் முன்னும் பின்னும் இழுபட்டு உள்பக்கம் சாயும்.

அடிக்கடி மறக்கிற விஷயம் போகி ஸ்க்ரூ. இரண்டையும் ஒரே மாதிரி இறுக்கக் கூடாது. ஒன்று இடவலம் திரும்பணும், ஆனால் ஆடக் கூடாது. மற்றது திரும்பவும் வேண்டும், தாராளமாக ஆடவும் வேண்டும். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் நிற்கிற மாதிரிதான் இதுவும். இரண்டையும் இறுக்கினால் நாலு கால் நாற்காலி, மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்.

பெட்டிகளை இணைக்கும் கப்ளரின் அடியில் தொங்கும் வளைந்த கம்பி தண்டவாளத் தலைக்கு மேலே 0.8 மி.மீ. இருக்கட்டும். தாழ்ந்திருந்தால் பாயிண்டில் மாட்டி வண்டியையே பிரித்துவிடும். கைவசம் கேஜ் இல்லாவிட்டால் அந்தத் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் தகடு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

*

தண்டவாளம் துடைப்பதற்கு உப்புத்தாள் கொண்டுவருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். கீறலுக்குள்தான் அடுத்த கறுப்பு சேரும். ஆல்கஹால் அல்லது மினரல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சுத் துணி, துடைத்த பின் ஒரு காய்ந்த துணி. துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரைக்கும், அவ்வளவுதான்.

*

எஞ்சினுக்குள் இருந்து டிசிசி கட்டளையை வாங்கும் டிகோடர் விவகாரம் யாரும் தொடவில்லையே.

கடையிலிருந்து வரும் கிட்டத்தட்ட எல்லா டிகோடரும் முகவரி 3-இல் வரும். மேஜையில் இரண்டு பேர் புது எஞ்சினை வைத்தால், ஒருவர் த்ராட்டிலைத் திருகும்போது இரண்டும் கிளம்பும். நான்கு இலக்க முகவரி கொடுங்கள், எஞ்சின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணே முகவரி என்றால் ஞாபகமும் வேண்டாம்.

முகவரி எழுதுவது தனித் துண்டுத் தண்டவாளத்தில் மட்டும். சில கருவிகளில் மெயின் லைனுக்கும் எழுதும் தடத்துக்கும் ஒரே வயர்தான். பிரிக்கும் சுவிட்ச் போடாமல் ஒருவர் எழுதினால், மேஜையில் நிற்கும் அத்தனை எஞ்சினுக்கும் ஒரே முகவரி ஏறிவிடும். அன்றைய ஓட்டம் அதோடு சரி.

எஞ்சின் விளக்கு எரிகிறது, கூப்பிட்டால் அசையவில்லை என்றால், முன்னொரு நாள் யாரோ இரட்டை எஞ்சின் சேர்த்துவிட்டுப் பிரிக்காமல் போயிருப்பார்கள். சிவி என்பது டிகோடருக்குள் இருக்கும் எண்ணிட்ட அமைப்பு; சிவி 19-இல் 0 எழுதினால் பழைய முகவரிக்குத் திரும்பிவிடும். எதுவுமே பிடிபடாவிட்டால் சிவி 8-இல் 8 எழுதுங்கள், பெரும்பாலான டிகோடர்கள் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும். முகவரியும் மறுபடி 3 ஆகிவிடும், மறக்காதீர்கள்.

ஷார்ட் ஆகி மின்சாரம் திரும்பியதும் ஒரு எஞ்சின் மட்டும் முழு வேகத்தில் பிய்த்துக்கொண்டு ஓடினால் அதற்குப் பேய் பிடிக்கவில்லை. சாதா டிசி மின்சாரம் என்று டிகோடர் தப்பாக நினைத்துவிட்டது. சிவி 29-இல் டிசியை அனுமதிக்கும் பங்கு 4. நான்கு இலக்க முகவரிக்கு 32, 28 படி வேகத்துக்கு 2, இதோடு 4 சேர்ந்து 38 இருந்தால் 34 ஆக்குங்கள்.

*

ஓட்டும் நாளைப் பற்றி. வட்டமாகச் சுற்றவிட்டு வேடிக்கை பார்ப்பது அரை மணியில் அலுக்கும். சரக்குச் சீட்டு முறை வைத்தால் நாலு மணி நேரம் போவது தெரியாது. பெட்டிக்கு ஒரு அட்டை, அதன் பைக்குள் நான்கு பக்கம் எழுதிய சீட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் போகவேண்டிய இடம். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் சீட்டை ஒரு பக்கம் திருப்பினால் அடுத்த ஓட்டத்துக்கு வேலை தயார். நிஜ நேரத்தைவிட வேகமாக ஓடும் வேகக் கடிகாரத்தை முதலில் 4:1-க்கு மேல் வைக்காதீர்கள். ஷண்டிங் கடிகாரத்தோடு வேகமாகாது, பெட்டி கழற்ற ஆகும் நேரம் ஆகத்தான் செய்யும்.

வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் ஓட்டட்டும், ஒருவர் அட்டையோடு கார்டாக நடக்கட்டும். புதியவரை முதலில் கார்டாக விடுங்கள். த்ராட்டிலைக் கையில் திணித்தால் வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பார், தடம் மனதில் ஏறாது. யார்டை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினால் நகர்த்த இடமின்றிப் பூட்டிக்கொள்ளும். மெயின் லைனில் வண்டிகள் காத்துக்கிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

தடம் புரண்ட பெட்டியை ஐந்து விரல் கிரேனால் தூக்கி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்கிற பழக்கம்தான் சங்கத்துக்கு ஆகாது. பெட்டி எண், எந்த இடம், எந்தத் திசையில் போகும்போது, எந்தச் சக்கரம் முதலில் விழுந்தது. இந்த நாலையும் ஒரு சிவப்புச் சீட்டில் எழுதிப் பெட்டியின் அட்டையில் சொருகுங்கள். ஒரே இடத்தில் மூன்று வெவ்வேறு பெட்டி என்றால் தண்டவாளம், மூன்று இடத்தில் ஒரே பெட்டி என்றால் பெட்டி. எழுதாவிட்டால், தண்டவாளம் போட்டவரும் பெட்டி கொண்டுவந்தவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

*

சிவி 29-ஐ 34 ஆக்கச் சொன்னவருக்கு ஒரு சேர்க்கை. அந்த எஞ்சினை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாதா டிசி டிரான்ஸ்பார்மரில் வைத்தால் அசையாது, எஞ்சின் செத்துப்போச்சு என்று பிரித்துப் பார்க்க ஆரம்பிப்பார்கள். ‘34, வீட்டில் ஓட்ட 38’ என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதி எஞ்சின் டப்பாவின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள்.