மூளையின் இரு பாதிகளுக்கு இடையேயான இணைப்பைக் காட்டும் ஸ்கேன்: அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாம்பனில் வசிக்கிறோம். என் தம்பிக்குச் சிறுவயது முதலே வலிப்பு நோய் உள்ளது. மாத்திரைகளை மாற்றிக் கொடுத்தும், நின்ற நிலையிலேயே திடீரென விழுந்துவிடும் வகை வலிப்பு அடங்காததால், அவனைக் கடலுக்கு அனுப்புவதை அறவே நிறுத்திவிட்டோம்.

மூளையின் இடது, வலது பாதிகளை இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் என்னும் நரம்பிழைக் கற்றையைத் துண்டிக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி மருத்துவர் இப்போது பேசுகிறார். சுமார் 20 கோடி இழைகள் கொண்ட அக்கற்றையின் வழியே வலிப்பு மறுபக்கத்துக்குப் பரவுவதைத் தடுப்பதே அதன் நோக்கம். 1940ஆம் ஆண்டிலேயே வெளியான முறை இது.

அதற்கு முன், நீர் மூலக்கூறுகள் பரவும் திசையைக் கொண்டு இழைகளின் பாதையைக் கணிக்கும் டி.டி.ஐ. ஸ்கேனும், இரு பாதிகளின் இயக்கம் ஒத்துப்போகிறதா என்பதை இரத்த ஓட்ட மாறுதல்களால் அறியும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கலாம் என்கிறார். படத்தில் பாதை தெரிவதாலேயே வலிப்பும் அவ்வழியே செல்கிறது என்று சொல்லிவிட முடியாது என்பதால், மூளையின் மின் அலைகளையும் வலிப்பின்போதான உடலசைவையும் ஒருசேரக் காட்டும் வீடியோ இ.இ.ஜி. பதிவோடு சேர்த்துப் பார்ப்பதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

மதுரையில் இவை மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்குமா, அல்லது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா, பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மருத்துவமனைகளுக்குத்தான் செல்ல வேண்டுமா? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இச்செலவை ஏற்குமா? அனைத்தையும்விட, இச்சிகிச்சை செய்துகொண்டவர்களின் குடும்பத்தார், பின்னர் பேச்சிலும் இரு கைகளையும் சேர்த்துச் செய்யும் வேலையிலும் கண்ட மாற்றங்களைத் தயவுசெய்து தெரிவியுங்கள். தம்பிக்கு வலை பின்னும் வேலையாவது கைவிட்டுப் போகக் கூடாது.